கையால் பின்னிய பொம்மையும் குடும்பத்தின் நலமும்

மார்கழி பிறந்தால் ஒஸ்லோவில் காலை ஒன்பது மணிக்குப் பின்னர்தான் சூரியன் எட்டிப் பார்க்கிறது. பிற்பகல் மூன்றேகாலுக்குள் மறைந்தும் விடுகிறது. ஆண்டின் மிகக் குறுகிய நாளில் பகல் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் மட்டுமே. மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின்னர், பனி உறைந்த வீதியில் சறுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நம் வீட்டு முதியவர்கள் பலர் வெளியே போவதில்லை. தொலைக்காட்சித் தொடரும் தொலைபேசியும்தான் துணை. ஊரில் நீத்துப்பெட்டியும் கடகமும் இழைத்த கைகள், வலை பின்னிய கைகள், பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் பூவேலை செய்த கைகள் இங்கே மடியில் சும்மா கிடக்கின்றன.

இந்தக் கைகளுக்கு ஏற்ற ஒரு வேலையைப் பற்றித்தான் இம்முறை நலவாழ்வுப் பகுதியில் பார்க்கப் போகிறோம். குரோசே ஊசியால் ஒரு சின்ன மென்பொம்மை பின்னுவது. பின்னுபவருக்கு அது என்ன நன்மை தருகிறது, பிள்ளைக்கு என்ன தருகிறது, எந்த இடத்தில் அது ஆபத்தாகலாம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடைசியில் ஒரு யானைக்குட்டி செய்யும் முறையும் உண்டு.

குரோசே என்றால் என்ன?

இரண்டு நீண்ட ஊசிகளால் பின்னுவதை நோர்வேக்காரர் ‘ஸ்ட்ரிக்கெ’ என்கிறார்கள். நுனியில் கொக்கி உள்ள ஒரே ஒரு ஊசியால் நூலை வளையம் வளையமாக இழுத்துப் பின்னுவது ‘ஹெக்லெ’. நாம் குரோசே என்று சொல்வது இந்த ‘ஹெக்லெ’யைத்தான். இதில் ஒரு நேரத்தில் ஊசியில் ஒரு கண்ணிதான் இருக்கும். ஆகையால் தொலைபேசி அடித்தாலோ, அடுப்பில் சோறு பொங்கினாலோ அப்படியே வைத்துவிட்டு எழும்பலாம். ஒரு பிழை வந்தால் நூலை இழுத்து அவிழ்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். வயதானவர்களுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் இதனால்தான் குரோசே இலகுவாக இருக்கிறது.

குரோசேயால் சின்ன மென்பொம்மை செய்யும் கலைக்கு ஜப்பானியர் ‘அமிகுருமி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பின்னுதல் என்ற சொல்லும், உள்ளே பஞ்சடைத்த பொம்மை என்ற சொல்லும் சேர்ந்து வந்த பெயர் அது. இன்று நோர்வேப் புத்தகக் கடைகளிலும் நூல் கடைகளிலும் இந்தப் பெயரிலேயே பொம்மை மாதிரிகள் கிடைக்கின்றன.

பின்னுபவரின் மனதுக்கு என்ன செய்கிறது?

அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், குரோசே பின்னுபவர்களிடம் இணையவழியாகக் கேள்விகள் கேட்டு, 2020-ம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். 8391 பேர் பதில் தந்திருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 89 பேருக்கு மேல் பின்னும்போது மனம் அமைதி அடைவதாகச் சொன்னார்கள். நூற்றுக்கு 82 பேர் மகிழ்ச்சி கூடுவதாகவும், 74 பேருக்கு மேல் தாங்கள் பயனுள்ளவர்கள் என்ற உணர்வு வருவதாகவும் சொன்னார்கள். இதற்கு முன் 2013-ம் ஆண்டில் பிரித்தானியத் தொழில்வழிச் சிகிச்சை இதழில் வந்த ஓர் ஆய்வு, இரட்டை ஊசியால் பின்னும் 3545 பேரின் பதில்களை ஆராய்ந்தது. அடிக்கடி பின்னுபவர்களிடம் அமைதியும் மகிழ்ச்சியும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டும் மருந்தைப் பரிசோதிப்பது போன்ற ஆய்வுகள் அல்ல. பின்னுவதை ஏற்கெனவே விரும்புபவர்கள்தான் பதில் சொன்னார்கள். ஆகையால் ‘குரோசே மனச்சோர்வைக் குணமாக்கும்’ என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஏன் அது ஆறுதல் தருகிறது என்பதை நம் அனுபவத்தால் விளங்கிக்கொள்ளலாம். கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. வாய் எண்ணுகிறது. கண்ணும் கையும் ஒரு சின்ன இடத்தில் நிற்கின்றன. மாலை உருட்டிச் செபிப்பவருக்கும், கோலம் போடுபவருக்கும் இந்த நிலை தெரியும். மற்ற யோசனைகளுக்கு அந்த நேரத்தில் இடம் குறைகிறது. பின்னி முடிந்ததும் கையில் ஒரு பொருள் இருக்கிறது. அதைக் கொடுக்க ஒரு பிள்ளை இருக்கிறது. ‘என்னால் இனி யாருக்கு என்ன பயன்’ என்று கேட்கும் ஒரு அம்மம்மாவுக்கு இது சிறிய விடயம் அல்ல.

ஆயினும் இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கம் இல்லை, சாப்பாட்டில் விருப்பம் இல்லை, எதிலும் நாட்டம் இல்லை, வாழ்ந்து என்ன என்ற நினைவு வருகிறது என்றால், அதற்கு நூலும் ஊசியும் போதாது. குடும்ப வைத்தியரான ‘ஃபாஸ்ட்லேகெ’யிடம் போக வேண்டும். மொழி தெரியாது என்று தயங்க வேண்டாம். நோர்வேயில் 2022 தை முதலாம் திகதி தொடக்கம் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டம், தேவையானபோது தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும் பொறுப்பை அரச சேவைகளின் மீது வைக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. பத்து வயதுப் பேரனை வைத்துக்கொண்டு மனக் கவலையை எப்படிச் சொல்வது என்று பல பெற்றோர் விழுங்கிவிடுகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கு ஏன் ஒரு மென்பொம்மை?

அமெரிக்க உளவியலாளர் ஹரி ஹார்லோ 1958-ல் வெளியிட்ட குரங்குக்குட்டி ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தாயைப் பிரிந்த குட்டிகளுக்கு இரண்டு பொய்த் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. மற்றையது மெத்தென்ற துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் பால் கிடைத்தபோதும், குட்டிகள் குடித்துவிட்டு உடனே துணித் தாயிடமே ஓடி ஒட்டிக்கொண்டன. இன்று அந்த ஆய்வை மிகக் கொடுமையானது என்று பலர் கண்டிக்கிறார்கள். என்றாலும் உணவு மட்டும் போதாது, மென்மையான தொடுகையும் தேவை என்பதை அது உலகத்துக்குக் காட்டியது.

பிரித்தானியக் குழந்தை வைத்தியர் டொனால்ட் வின்னிகொட் 1953-ல் வெளியான கட்டுரை ஒன்றில், சில பிள்ளைகள் ஒரு துணியையோ பொம்மையையோ விடாமல் கொண்டு திரிவது ஏன் என்று விளக்கினார். தாய் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தாயின் ஆறுதலைப் பிள்ளை அந்தப் பொருளில் வைத்துக்கொள்கிறது என்பது அவரது விளக்கம். இது பிள்ளை வளரும் வழியில் வரும் இயல்பான படி என்றார்.

நோர்வேயில் ஒரு வயதிலேயே பல பிள்ளைகள் ‘பார்னெஹாகெ’க்குப் போகத் தொடங்குகிறார்கள். முதல் நாட்களில் வீட்டிலிருந்து ‘கூசெடீர்’ எனப்படும் அணைக்கும் பொம்மையைக் கொண்டுவரும்படி அங்குள்ளவர்கள் சொல்வது வழக்கம். நம்மவர் சிலர் ‘பழக்கிவிட்டால் பிறகு விடமாட்டான்’ என்று கவலைப்படுவது உண்டு. கவலை வேண்டாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பொருள் தேவைப்படுவதும் இல்லை. தேவைப்படுகின்ற பிள்ளை, வளர வளரத் தானாகவே அதை மூலையில் வைத்துவிடும். பிடுங்கி எறிவதும், மற்றவர் முன்னால் கேலி செய்வதும்தான் பிள்ளையை நோகடிக்கும்.

ஒரு யோசனை: பிள்ளை ஒரு பொம்மையோடு ஒட்டிக்கொண்டால், அதே நூலில் அதே அளவில் இன்னொன்றையும் பின்னி வையுங்கள். ஒன்றைத் தோய்க்கும்போது மற்றதைக் கொடுக்கலாம். ரயிலில் தொலைந்தாலும் வீட்டில் அழுகை இருக்காது.

குறைமாதக் குழந்தையும் ஒக்டோபஸ் பொம்மையும்

குரோசே பொம்மை வைத்தியசாலைக்குள் நுழைந்த கதை நம் அயல்நாடான டென்மார்க்கில் தொடங்கியது. 2013-ம் ஆண்டில், குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்காகக் குரோசேயில் ஒக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுத்தார்கள். ஒக்டோபஸ் என்பது நாம் கறி வைக்கும் கணவாயின் உறவு. எட்டுக் கால்கள் சுருள் சுருளாகத் தொங்கும். அங்கே தன்னார்வப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, குறைமாதக் குழந்தைகள் இருக்கும் பிரிவுகளுக்கு இந்தப் பொம்மைகளைப் பின்னிக் கொடுத்தார்கள். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. இங்கிலாந்தின் பூல் வைத்தியசாலை 2016-ல் இதைத் தொடங்கியபோது செய்திகளில் பேசப்பட்டது.

குழந்தையின் உள்ளங்கையில் எதைத் தொட்டாலும் அது இறுகப் பிடித்துக்கொள்ளும். இது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். குறைமாதக் குழந்தையின் மூக்கிலும் கையிலும் குழாய்கள் இருக்கும். அவற்றைப் பிடித்து இழுத்தால் ஆபத்து. குழாய்க்குப் பதிலாக ஒக்டோபஸின் சுருள் காலைப் பிடித்துக்கொண்டால் நல்லதுதானே என்பதே இதன் பின்னால் உள்ள எண்ணம். சுருள் கால் கருப்பையில் இருந்த தொப்புள்கொடியை நினைவூட்டுகிறது என்றும் சொல்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தப் பொம்மையால் இதயத் துடிப்பும் மூச்சும் சீராகின்றன என்பதற்குப் பலமான ஆய்வுச் சான்று இல்லை. அது பெற்றோருக்கு ஒரு ஆறுதல், ஒரு அன்பளிப்பு. அவ்வளவே.

பலமான சான்று உள்ளது வேறொன்றுக்கு. தாயின் அல்லது தந்தையின் வெறும் நெஞ்சில் குழந்தையைப் படுக்கவைக்கும் முறை அது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், 1978-ல், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் பெட்டிகள் போதாமல் இருந்த வைத்தியசாலையில் இது தொடங்கியது. கங்காரு முறை என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வெளிவந்தது. எடை குறைந்த 3211 குழந்தைகள் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளில் முதல் 28 நாட்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 12 பேர். வழமையான பராமரிப்புப் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 15.7 பேர். வித்தியாசம் காற்பங்கு. ஒரு பொம்மையும் செய்யாத வேலையை அம்மாவின் நெஞ்சு செய்கிறது.

ஆகையால் உங்கள் குடும்பத்தில் குறைமாதக் குழந்தை பிறந்தால், முதலில் செய்ய வேண்டியது தாயும் தந்தையும் குழந்தையோடு நெஞ்சுக்கு நெஞ்சு இருக்கும் நேரத்தைக் கூட்டுவது. மூத்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சமைத்துக் கொண்டுபோவது, வீட்டு வேலையை ஏற்பது எல்லாம் அந்த நேரத்தை உண்டாக்கிக் கொடுக்கும். பொம்மை கொடுக்க விரும்பினால், பின்னத் தொடங்கும் முன் அந்தப் பிரிவின் தாதியரிடம் கேளுங்கள். நூல், அளவு, தோய்க்கும் வெப்பநிலை என்பவற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி விதிகள் இருக்கும். சில இடங்களில் ஏற்கவே மாட்டார்கள். அதில் மனவருத்தப்பட ஒன்றுமில்லை.

தூங்கும் கட்டிலில் பொம்மை வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் உண்டு என்றால், இதை வாசியுங்கள்.

வைத்தியசாலையில் குறைமாதக் குழந்தையைத் தாதியரும் கருவிகளும் இடைவிடாது கவனிக்கிறார்கள். வீட்டில் அப்படி இல்லை. வீட்டுக்கு வந்த குழந்தைக்கு முதல் ஒரு வருடம், தூங்கும் கட்டிலில் மென்பொம்மை, தலையணை, தடித்த போர்வை, கட்டிலைச் சுற்றிக் கட்டும் மெத்தை எதுவும் வேண்டாம். முகத்தில் ஒரு மென்பொருள் விழுந்தால் அதைத் தள்ளிவிடவோ தலையைத் திருப்பவோ சின்னக் குழந்தையால் முடியாது.

நோர்வேயில் 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென இறந்தார்கள். ‘கிரிப்பெடோட்’ என்று அதைச் சொல்வார்கள். குப்புறப் படுக்கவைப்பது ஆபத்து என்று தெரியவந்து, 1990 அளவில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்ற பிரசாரம் தொடங்கியதும், சில ஆண்டுகளிலேயே அந்த எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. படுக்கவைக்கும் முறையை மாற்றியதே போதுமாக இருந்தது.

ஊரில் நாம் குழந்தைக்கு இலவம்பஞ்சில் சின்னத் தலையணையும், உருளாமல் இரு பக்கமும் அணைக்கும் தலையணையும் வைத்தோம். அதில் அன்பு இருந்தது, ஐயமில்லை. பேரப்பிள்ளை பிறந்ததும் ஊரிலிருந்து அவற்றைத் தைப்பித்து எடுத்து வரும் அம்மம்மாக்கள் இன்றும் உண்டு. மருமகளோ மகளோ ‘இங்கே அப்படி வைக்கக் கூடாது’ என்றால், அது உங்களை மதிக்காததால் அல்ல. ‘ஹெல்செஸ்தஷூன்’ தாதியரும் அதையேதான் சொல்வார்கள். மல்லாக்கப் படுக்கவைத்தல், முகம் மூடாமல் இருத்தல், முதல் மாதங்களில் பெற்றோரின் கட்டிலுக்கு அருகில் தனிக் கட்டில், அளவுக்கு மிஞ்சிய சூடு இல்லாமை, வீட்டில் புகைபிடித்தல் இல்லாமை. இவைதான் நினைவில் வைக்க வேண்டியவை.

பின்னிய பொம்மையை என்ன செய்வது? குழந்தை விழித்திருக்கும்போது, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, விளையாடக் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய பிறகு படுக்கையில் ஒரு சின்னப் பொம்மை இருப்பதில் பிழை இல்லை.

பொம்மை பாதுகாப்பாக இருக்க

கண்: மணி, பொத்தான், பிளாஸ்ரிக் கண் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். கழன்றால் தொண்டைக்குள் போய்விடும். கண்ணையும் வாயையும் நூலால் தைத்துவிடுங்கள். ஐரோப்பியப் பொம்மைத் தர விதிகளில், சின்னத் துண்டுகளைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழாய் பாவிக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம் என்பது கணக்கு.

நூல்: பருத்தி நூல் நல்லது. மயிர் உதிரும் நூல், மினுங்கும் இழை உள்ள நூல் வேண்டாம். அவிழ்ந்து தொங்கும் நூல் குழந்தையின் விரலிலோ கால்விரலிலோ சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகி உள்ளன. நுனிகளை நன்கு உள்ளே செருகித் தையுங்கள். ஒக்டோபஸின் கால் போன்ற நீண்ட உறுப்பு, இழுத்துப் பிடித்தாலும் 22 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. கழுத்தில் சுற்றாமல் இருக்கவே இந்த அளவு.

உள்ளே அடைப்பது: தோய்க்கக்கூடிய பொலியெஸ்ரர் பஞ்சு போதும். அரிசி, பயறு, கடுகு அடைக்க வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், தையல் விட்டால் தொண்டைக்குள் போகும். பாட்டுப் பாடும் சின்னப் பெட்டியை உள்ளே வைக்கும் ஆசையும் வேண்டாம். அதில் உள்ள பொத்தான் மின்கலத்தை விழுங்கினால், சில மணித்தியாலங்களுக்குள் உணவுக்குழாய் எரிந்துவிடும்.

சுத்தம்: 60 பாகையில் தோய்க்கக்கூடிய நூலையும் பஞ்சையும் தெரிவுசெய்யுங்கள். தூசு ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இது முக்கியம். நம் சமையலறையில் தாளித்த வாசமும், சாமியறைச் சாம்பிராணிப் புகையும் நூலில் இலகுவாக ஏறிவிடும். பின்னும் நூலை மூடிய பையில் வையுங்கள்.

சங்கத்தின் கலைவிழாவிலோ சந்தையிலோ தொடர்ந்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஐரோப்பியப் பொருளாதார உடன்படிக்கையின் வழியாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் நோர்வேக்கும் பொருந்தும். கையால் செய்தது என்பதற்காக விலக்கு இல்லை. பாதுகாப்பு மதிப்பீடும் சீஈ அடையாளமும் தேவை. சொந்தப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு அந்த அடையாளம் தேவையில்லை. கவனம் மட்டும் அதே அளவு தேவை.

எத்தனை கவனமாக இருந்தாலும் பிள்ளைக்கு எதாவது தொண்டையில் அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை கீழாகச் சாய்த்து முதுகில் ஐந்து தட்டு, பின் திருப்பி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பின் மேல்வயிற்றில் ஐந்து அழுத்து. உடனே 113-ஐ அழையுங்கள்.

ஒரு யானைக்குட்டி செய்வோம்

தேவையானவை: ‘8/4’ எனக் குறிக்கப்பட்ட பருத்தி நூல், 50 கிராம் உருண்டை ஒன்று. 2.5 மில்லிமீற்றர் கொக்கி ஊசி. பஞ்சு. தைக்கும் பெரிய ஊசி. கண்ணுக்குக் கறுப்பு நூல் கொஞ்சம்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நோர்வே மாதிரிகளில் ‘ஃபாஸ்ட்மாஸ்கெ’ என்று வருவதே பொம்மைக்கு வேண்டிய இறுக்கமான கண்ணி. இதையே அமெரிக்கர் ‘சிங்கிள் குரோசே’ என்பார்கள், பிரித்தானியர் ‘டபிள் குரோசே’ என்பார்கள். காணொளி பார்த்துப் பழகுபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புவார்கள். ‘லுஃப்ட்மாஸ்கெ’ என்பது சங்கிலிக் கண்ணி. ‘ஓகெ’ என்றால் கூட்டுதல், அதாவது ஒரே கண்ணிக்குள் இரண்டு பின்னுவது. ‘ஃபெல்லெ’ என்றால் குறைத்தல், அதாவது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது.

தலை: நூலை வளையமாக்கி அதற்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றுகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டி 12, 18, 24, 30 ஆக்குங்கள். பிறகு கூட்டாமல் குறைக்காமல் 6 சுற்று. இனி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 குறைத்து 24, 18, 12 வரை வாருங்கள். பஞ்சை அடைத்து, 6 ஆக்கி மூடுங்கள். சுற்றுக்கு ஆறு கூட்டினால் தட்டையான வட்டம் வரும். கூட்டுவதை நிறுத்தினால் சுவர் எழும்பும். குறைத்தால் வாய் ஒடுங்கும். எந்தப் பொம்மையும் இந்த மூன்றின் கணக்குத்தான்.

உடல்: அதே மாதிரி 36 வரை கூட்டி, 7 சுற்று நேராகப் பின்னி, பிறகு 30, 24, 18 என்று குறைத்து, பஞ்சடைத்து, 12, 6 ஆக்கி மூடவும்.

தும்பிக்கை: 6 கண்ணி, அடுத்த சுற்றில் 9, பின் 10 சுற்று நேராக. பஞ்சு கொஞ்சம் போதும்.

கால் நான்கு: 6, 12, பின் 5 சுற்று நேராக. பஞ்சடைக்கவும்.

காது இரண்டு: 6, 12, 18, 24. தட்டையாகவே விடவும்.

சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய, வேறு நிற நூல் துண்டு ஒன்றைக் கண்ணியில் வைத்து நகர்த்திக்கொண்டு வாருங்கள். பஞ்சு வெளியே தெரிந்தால் கண்ணி தளர்வு. இன்னும் சின்ன ஊசி எடுக்கவும். எல்லா உறுப்பையும் இரண்டு முறை சுற்றித் தைத்து, பலமாக இழுத்துப் பாருங்கள். பிள்ளை அதைவிடப் பலமாக இழுக்கும், கடிக்கும்.

பின்னும் கைகளையும் காப்போம்

நம் சமூகத்தில் பலரின் கைகள் ஏற்கெனவே உழைத்துக் களைத்தவை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடக்கே ஃபின்மார்க்கில் மீன் வெட்டியவர்களும், ஒஸ்லோவில் துப்புரவு வேலை செய்தவர்களும் இங்கே நிறையப் பேர். ஒரே அசைவைப் பல வருடம் செய்த மணிக்கட்டு, குரோசேயையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ஒஸ்லோவில் 2000-ம் ஆண்டை அடுத்து நடந்த சுகாதார ஆய்வுகள், இலங்கையிலிருந்து வந்தவர்களிடையே நீரிழிவு நோர்வேயரைவிடப் பல மடங்கு கூடுதல் என்று காட்டின. நீரிழிவு உள்ளவர்களுக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வது, மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது, தோள் இறுகுவது ஆகியன மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. ஆகையால்:

• இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஊசியை வைத்துவிட்டு எழும்பி நடங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள். நீண்ட நேரம் இருக்காமல் எழும்புவது சர்க்கரைக்கும் நல்லது.
• ஊசியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். பிடி தடித்த ஊசி வாங்கலாம்.
• முழங்கைக்குக் கீழே தலையணை வைத்து, தோளைத் தளர்த்தி இருங்கள்.
• பக்கவாட்டிலிருந்து விழும் நல்ல வெளிச்சம் வேண்டும். கறுப்பு நூலைத் தவிர்த்து வெளிர் நிறத்தில் தொடங்குங்கள்.
• இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து எழுப்புகிறது, அல்லது பொருட்கள் கையிலிருந்து நழுவுகின்றன என்றால், பின்னுவதை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நரம்பு நீண்ட காலம் அழுத்தப்பட்டால் பலவீனம் நிரந்தரமாகலாம்.

பின்னுவது நடைக்குப் பதில் அல்ல. பகல் வெளிச்சம் இருக்கும் அந்தச் சில மணித்தியாலத்தில், சப்பாத்துக்கு அடியில் ‘ப்ரொட்டர்’ முள் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இருட்டிய பிறகு நூலை எடுக்கலாம்.

எங்கே தொடங்குவது?

நோர்வே மக்கள் கைவேலையைப் பெரிதாக மதிப்பவர்கள். அவர்களின் கைவினைச் சங்கமான ‘நோர்கெஸ் ஹூஸ்ஃப்ளிட்ஸ்லாக்’ 1910-ல் தொடங்கப்பட்டது. இன்றும் உள்ளூர்க் கிளைகளில் பழக்குகிறார்கள். நூலகங்களில் ‘ஸ்ட்ரிக்கெகஃபே’ என்ற பெயரில் பின்னுபவர்கள் கூடுவது உண்டு. டைக்மன் நூலகத்தின் உங்கள் அயல் கிளையில் விசாரித்துப் பாருங்கள். மொழி அதிகம் தேவையில்லை. பின்னிய துண்டைக் காட்டினால் பக்கத்தில் இருப்பவர் தானாகவே கை நீட்டிச் சொல்லித் தருவார். நோர்வே மொழி பேசிப் பழகவும் அது நல்ல இடம்.

இன்னொரு ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். நோர்வேப் பள்ளிகளில் கைவேலை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடம், ஆண்பிள்ளைகளுக்கும்தான். பேரனோ பேத்தியோ கொக்கி ஊசி பிடிக்கத் தெரிந்தவராக இருக்கலாம். அவர்கள் காட்டித் தரட்டும். நீங்கள் தமிழில் எண்ணிக் கொடுங்கள். ஒரு சுற்றுக்கு முப்பது கண்ணி என்றால், ஒரு தலை முடிவதற்குள் பிள்ளை ஒன்றிலிருந்து முப்பது வரை பல தடவை தமிழில் எண்ணி முடித்திருக்கும். தும்பிக்கை, காது, கால், கண் என்ற சொற்களும் கூடவே வரும். பிள்ளைக்குத் தமிழ் வராது, அப்பம்மாவுக்கு நோர்வே மொழி வராது என்று இருவரும் ஆளுக்கொரு அறையில் இருக்கும் வீடுகளில், இந்த அரை மணி நேரம் ஒரு கதிரையை மற்றதன் பக்கத்தில் இழுத்துப் போடும்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு உருண்டை நூலும் ஒரு ஊசியும் வாங்கி, அம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். ‘எனக்கு ஒன்று செய்து தாங்கோ’ என்று பேரப்பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.